கடைசியில் வருகிறவருக்கும் இலை போடுங்கள்

(கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தம் பெருவிழா – வானொலி மறையுரை)

வாசகங்கள்: தொடக்கநூல் 14:18-20, 1 கொரிந்தியர் 11:23-26, லூக்கா 9:11-17



பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. சிரித்துக்கொண்டேதான் சொல்வோம். ஆனால் அதில் உண்மை இருக்கிறது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காருகிறவருக்கு இலையில் எல்லாமே சூடாக, குறைவில்லாமல் விழும். கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்திருக்கும், அப்பளம் நமத்துப் போயிருக்கும், பரிமாறுகிறவர்களும் களைத்திருப்பார்கள். அந்தக் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார்? சமையல்காரர், பாத்திரம் துலக்குகிறவர், பந்தல் போட்டவர், மேளக்காரர். அந்தக் கல்யாணத்துக்காக உழைத்தவர்கள்தான் கடைசியில் சாப்பிடுகிறார்கள்.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பு கொரிந்து நகரத்தில் இதே கதை நடந்தது. கல்யாண வீட்டில் அல்ல, ஆண்டவருடைய திருவிருந்திலேயே நடந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு மனம் கொதித்த திருத்தூதர் பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் அவர்களைக் கடிந்துகொண்டார். இன்று நாம் கேட்ட இரண்டாம் வாசகம் அந்தக் கடிதத்தின் ஒரு பகுதி.

அன்பார்ந்தவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இன்றைய வாசகம் 11ஆம் அதிகாரத்தின் 23ஆம் வசனத்தில் தொடங்குகிறது. பெரிய வியாழன் அன்றும் இதே இடத்தில்தான் தொடங்குவோம். இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார் என்று அழகாகத் தொடங்கி, அழகாக முடிகிறது. ஆனால் பவுல் இதை எதற்காக எழுதினார் என்பது அதற்கு முந்தைய வசனங்களில் இருக்கிறது. உங்கள் வீட்டில் திருவிவிலியம் இருந்தால், 17ஆம் வசனத்திலிருந்து அதிகாரத்தின் முடிவு வரை இன்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நற்கருணையைப் பற்றிய இந்தப் பொன்னான பகுதி ஒரு சண்டைக்கு நடுவில் எழுதப்பட்டது என்பது உங்களுக்கே விளங்கும்.

என்ன சண்டை அது? கொரிந்து ஒரு துறைமுக வணிக நகரம். பவுல் ஒன்றரை ஆண்டு அங்கே தங்கி, அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு கூடாரத் தொழில் செய்துகொண்டே நற்செய்தி அறிவித்தார். அந்தச் சபையில் படித்தவர்களும் செல்வாக்கு உள்ளவர்களும் அதிகம் இல்லை என்று அவரே எழுதுகிறார். பெரும்பாலோர் கூலிக்காரர்கள், அடிமைகள், சிறு தொழில் செய்தவர்கள். ஆனால் வசதியுள்ளவர்கள் சிலரும் இருந்தார்கள். சபை முழுவதற்கும் தம் வீட்டைத் திறந்துவிட்ட காயு என்பவரையும், நகரப் பொருளாளரான எரஸ்து என்பவரையும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசியில் பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

அப்போது கோவில் கட்டடம் கிடையாது. பெரிய வீடு உள்ளவர் வீட்டில்தான் கூடுவார்கள். ஆண்டவரின் திருவிருந்தும் சாப்பாடும் ஒன்றாகவே நடந்தன. அந்தக் காலத்து உரோமை வீட்டின் உணவறையில் மூன்று பக்கமும் சாய்ந்து உண்ணும் இருக்கைகள் இருக்கும். ஏறத்தாழ ஒன்பது பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் முற்றத்தில் இருக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடையாது. 321ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் மன்னர் சட்டம் போட்ட பிறகுதான் ஞாயிறு ஓய்வு நாளானது. ஆகவே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரும், எஜமான் வீட்டில் வேலை முடிக்க வேண்டிய அடிமைப் பெண்ணும் பொழுது சாய்ந்த பிறகுதான் வந்து சேர முடியும். அவர்கள் வருவதற்குள் உள்ளே இருந்தவர்கள் கொண்டுவந்த உணவைத் தாங்களே சாப்பிட்டு முடித்திருப்பார்கள். விவிலிய அறிஞர்கள் அன்றைய நிலையை இப்படித்தான் விளக்குகிறார்கள். ஒருவர் பசியோடு நிற்கிறார், இன்னொருவர் குடித்து வெறித்துக் கிடக்கிறார் என்று பவுலே எழுதுகிறார்.

இதைப் பார்த்த பவுல் என்ன சொல்லியிருக்கலாம்? உங்கள் நடத்தை சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்கு மேலே போகிறார். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துவது கடவுளின் சபையையே இழிவுபடுத்துவது என்கிறார். அங்கே அப்பம் சரியாகத்தான் இருந்தது, இரசமும் சரியாகத்தான் இருந்தது. செபமும் சொல்லியிருப்பார்கள். கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் நடத்திய விதத்தில்தான் வழிபாடு கெட்டுப்போனது.

அப்படியானால் அதற்கு மருந்து என்ன? அதே அதிகாரத்தின் 33ஆம் வசனத்தைப் பாருங்கள். பவுல் கேட்பது மிக எளிய காரியம்: உண்பதற்காகக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். முந்தாதே, பொறு. மூட்டை தூக்கியவர் கைகால் கழுவிவிட்டு வரட்டும். அடிமைப் பெண் வந்து உட்காரட்டும். அதன் பிறகு அப்பத்தைப் பிடலாம்.

எளிய காரியம் என்றேன். ஆனால் காத்திருக்கிறவருக்கு இழப்பு உண்டு. சாப்பாடு ஆறிப்போகும். எரஸ்துவுக்கு முதல் இடம் போகும். தன் வீட்டு அடிமையோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டிவரும். அதனால்தான் கொரிந்தில் அது நடக்கவில்லை.

இப்போது இன்றைய நற்செய்திக்கு வருவோம். பொழுது சாய்கிறது. பன்னிருவரும் இயேசுவிடம் வந்து, கூட்டத்தை அனுப்பிவிடும்படி கேட்கிறார்கள். ஊருக்குள் போய் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் யோசனை. இயேசு அதை ஏற்கவில்லை. நீங்களே உணவு கொடுங்கள் என்று பொறுப்பை அவர்கள் தலையிலேயே வைக்கிறார். பிறகு அப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யச் சொல்கிறார். மக்களை ஐம்பது ஐம்பது பேராக அமரச் செய்யச் சொல்கிறார். லூக்கா இங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல், விருந்தில் சாய்ந்து அமர்வதைக் குறிக்கும் சொல். அந்தக் காலத்தில் விருந்தில் சாய்ந்து அமர்கிறவர் வீட்டுக்காரரும் விருந்தாளியும்தான். அடிமை நின்றுகொண்டு பரிமாறுவார். இயேசுவோ அந்தப் பொட்டல் வெளியில் எல்லோரையும் விருந்தாளிகளாக அமர வைக்கிறார். எல்லோரும் அமர்ந்த பிறகுதான் அப்பத்தை எடுத்து ஆசி கூறுகிறார். முதல் பந்தி, கடைசிப் பந்தி என்ற பேச்சே இல்லை. எல்லோரும் வயிறார உண்டார்கள், பன்னிரண்டு கூடை மீதியும் இருந்தது.

அன்பார்ந்தவர்களே, தொடக்கக் காலத் திருச்சபை இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதா? கற்றுக்கொண்டது. அதற்குச் சான்று புனித யுஸ்தீன். இவர் ஒரு மெய்யியல் அறிஞர், பொதுநிலையினர், பிறகு மறைச்சாட்சி. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசர் அன்டோனினுஸ் பியுசுக்கு அவர் ஒரு விளக்க நூல் எழுதினார். கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று அதில் விவரிக்கிறார். நகரத்தில் இருப்பவர்களும் நாட்டுப்புறத்தில் இருப்பவர்களும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். திருத்தூதர்களின் நினைவேடுகளையும் இறைவாக்கினர்களின் நூல்களையும் வாசிக்கிறார்கள். தலைமை தாங்குகிறவர் அறிவுரை கூறுகிறார். எல்லோரும் எழுந்து மன்றாடுகிறார்கள். அப்பமும் இரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன. நாம் பங்கெடுக்கும் திருப்பலியின் அமைப்பு அன்றே அப்படியே இருக்கிறது.

ஆனால் யுஸ்தீன் அதோடு நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு காரியங்களைச் சொல்கிறார். ஒன்று, வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இரண்டு, வசதியுள்ளவர்கள் விருப்பப்படி காணிக்கை கொடுக்கிறார்கள். அது தலைவரிடம் சேர்கிறது. அவர் அதை வைத்து அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஆகியோரைக் கவனித்துக்கொள்கிறார். திருப்பலி எது என்று ஒரு பேரரசருக்கு விளக்கும்போது இவற்றையும் சேர்த்தே எழுதினார் அவர். வராதவரை நினைப்பதும் இல்லாதவருக்குக் கொடுப்பதும் அவருக்கு வழிபாட்டின் பகுதி.

இந்த ஒலிபரப்பைக் கட்டிலில் படுத்தபடியே கேட்கிற முதியவர்கள், நோயாளிகள் பலர் இருப்பீர்கள். கோவில் மணிச் சத்தம் காதில் விழுகிறது, ஆனால் எழுந்து போக முடியவில்லை. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: நீங்கள் திருப்பலிக்கு வெளியே விடப்பட்டவர்கள் அல்ல. உங்களுக்கு நற்கருணை கொண்டுவருவது 1800 ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம். அது குருவானவர் செய்யும் தயவு என்று நினைத்துத் தயங்காதீர்கள். பங்குத்தந்தைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். நெல்லை மாவட்டத்தில் வடக்கன்குளம் என்ற ஊர். 1745ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் அங்கே நீலகண்டன் என்ற அரச அலுவலர் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். அவர் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார், அனைவரும் சமம் என்று போதித்தார். அதனால் பகை மூண்டது. 1749இல் கைது செய்யப்பட்டு, மூன்று ஆண்டுகள் வதைக்கப்பட்டு, 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டு, தேவசகாயம் என்றே அறிவித்தார்கள். அது நமக்கெல்லாம் பெருமை.

ஆனால் அதே வடக்கன்குளத்தில் இன்னொரு வரலாறும் உண்டு. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்று 127 ஆண்டுகள் கழித்து, 1872இல் அந்த ஊரில் ஒரு பெரிய ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, ஆனால் அந்தப் பீடத்திலிருந்து பிரிந்து போகும் கூடங்கள் இரண்டு. ஒரு சாதியாருக்கு ஒரு கூடம், மற்றவர்களுக்கு இன்னொரு கூடம், நடுவே சுவர். இரு பக்கத்தாரும் ஒரே பீடத்தைப் பார்த்து ஒரே திருப்பலியில் பங்கெடுத்தார்கள். ஒரே அப்பத்தை உண்டார்கள். கொரிந்தில் உணவறைக்கும் முற்றத்துக்கும் நடுவே இருந்த பிரிவினையை இங்கே செங்கல் வைத்தே கட்டிவிட்டார்கள். தேவசகாயத்தின் இரத்தத்துக்குப் பிறகும், அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே!

1910ஆம் ஆண்டில் இயேசு சபைக் குருவான கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. சாதியின் பேரால் ஆலயத்தில் தனி இடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. சுவர் போனது போனதுதான். யோசித்துப் பாருங்கள்: ஒரே பீடத்தின் முன் இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பதற்காக நீதிமன்றப் படியேறியவர்கள், ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்தவர்கள்.

அது அந்தக் காலம், இப்போது அப்படியெல்லாம் இல்லை என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். பல பங்குகளில் நிலைமை மாறியிருக்கிறது. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால் 2003ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடம் இதைப் பற்றித்தான் பேசினார். கிறிஸ்தவர்களுக்கு இடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட இருப்பது நற்செய்திக்கு எதிர்ச்சாட்சி என்ற கருத்தில் எச்சரித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே இந்தப் பாகுபாடு இருப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. இல்லாத நோய்க்கு யாரும் மருந்து எழுத மாட்டார்கள், அன்பார்ந்தவர்களே.

ஆகவே நம் பங்கைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இவற்றை ஆத்தும சோதனையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: நம் திருப்பலிக்கு யார் வர முடியாமல் போகிறது? உப்பளத்துக்கும் செங்கல் சூளைக்கும் விடியுமுன் போகிறவர்கள், கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்க வேண்டியவர்கள், வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்து நம் மொழி தெரியாமல் பின்வாசலில் நிற்கிறவர்கள். திருப்பலி நேரத்தைப் பங்குப்பேரவையில் முடிவு செய்யும்போது அவர்களில் ஒருவரையாவது கேட்டோமா? பவுல் காத்திருக்கச் சொன்னது இவர்களுக்காகத்தான்.

இரண்டாவது கேள்வி: நம் தேர் எந்தத் தெருவுக்குப் போகிறது? திருவிழாவில் மாதாவும் புனிதர்களும் சப்பரத்தில் பவனி வரும்போது, ஒரு தெரு வந்ததும் தேர் திரும்பிவிடுகிறதா? நம் கல்லறைத் தோட்டத்தில் சுவரோ வேலியோ இருக்கிறதா? கொடியேற்றத்திலும் வரி வாங்குவதிலும் யாரைச் சேர்க்கிறோம், யாரை விடுகிறோம்? இறந்தவர்களையும் பிரித்துப் புதைத்துவிட்டு, புனிதர்களின் உறவை விசுவசிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 32ஆம் எண், வழிபாட்டில் தனி ஆட்களுக்கோ சமூக அந்தஸ்துக்கோ சிறப்பு மரியாதை கூடாது என்று கூறுகிறது. உபயதாரர் என்பதற்காக முன்வரிசை நாற்காலி போடுவதும் இதில் அடங்கும்.

மூன்றாவது கேள்வி: நம் அன்பியக் கூட்டம் எந்த வீட்டில் நடக்கிறது? இயேசு ஐம்பது ஐம்பது பேராக அமர வைத்தார். பெரிய கூட்டத்தில் முகம் தெரியாது. ஐம்பது பேரில் யாருக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை என்று தெரிந்துவிடும். அன்பியங்களின் பயனும் அதுதான். ஆனால் பெரிய வீடுகளிலேயே சுற்றிச் சுற்றிக் கூட்டம் நடந்தால் அது கொரிந்தின் உணவறையாகிவிடும். ஓட்டு வீட்டிலும் ஓலை வீட்டிலும் பாய் விரித்து உட்காருங்கள். செபம் முடிந்ததும் அந்த வீட்டு அம்மா தேநீர் கொடுப்பார்கள். எனக்கு வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லாதீர்கள். வாங்கிக் குடியுங்கள். மறையுரைகள் ஆண்டுக்கணக்காகச் சாதிக்காததை அந்த ஒரு குவளைத் தேநீர் சாதிக்கும். அடுத்த ஞாயிறு அந்த அம்மா கோவிலில் பின்வாசல் ஓரமாக நிற்க மாட்டார்கள்.

இதைச் செய்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். உறவுக்காரர் பேச மாட்டார்கள். வரி கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் எழுந்து போகலாம். பங்குத்தந்தை தனியாகச் செய்ய முடியாது. பங்குப்பேரவை துணை நிற்க வேண்டும், இளையோர் துணை நிற்க வேண்டும், குடும்பத்தில் அம்மாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். தன் உடலைப் பிட்டுக் கொடுத்த ஆண்டவரின் முன்னால் நாம் இழப்பது பெரிதல்ல.

உடலை உணராமல் உண்பவர் தமக்கே தண்டனையை உண்கிறார் என்ற கருத்தில் பவுல் எச்சரிக்கிறார். பீடத்தில் இருக்கும் ஆண்டவரின் உடலை உணர வேண்டும். நம் பக்கத்தில் நிற்கிற ஆண்டவரின் உடலையும் உணர வேண்டும். அப்பம் ஒன்றே, ஆகவே பலராயிருக்கும் நாம் ஒரே உடல் என்று அதே திருமுகத்தின் 10ஆம் அதிகாரத்தில் அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அடுத்த முறை நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது, உங்களுக்கு முன்னால் நிற்பவரையும் பின்னால் நிற்பவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டு வாசற்படியை நீங்கள் மிதித்திருக்கிறீர்களா? அவர்கள் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்களா? கையை நீட்டி ஆமென் என்று சொல்வதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுங்கள்.

செபிப்போம்.

எங்களை ஒரே பந்தியில் அமர்த்திய ஆண்டவரே, முந்திக்கொள்ளும் ஆசையை எங்களிடமிருந்து எடுத்துவிடும். காலதாமதமாக வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் பொறுமையைத் தாரும். புனித தேவசகாயத்தின் வேண்டுதலால் எங்கள் பங்கிலும் எங்கள் உள்ளத்திலும் மிச்சம் இருக்கும் சுவர்களை இடித்துப்போடும். கோவிலுக்கு வர முடியாமல் வீட்டில் இருக்கும் எங்கள் நோயாளிகளையும் முதியவர்களையும் உம் உடலால் திடப்படுத்தும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.